பாம்பு பிடித்தால் ‘சமூகப் பணி’யாம்!

கேளம்பாக்கத்தை ஒட்டிய தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் இன்னொரு வளாகம் இருக்கிறது. தேசியத் தரவரிசையில் 2019 முதல் அந்த நிறுவனம்தான் முதலிடம். ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதில் மதிப்பெண் உண்டு. கட்டுரை எழுதாதவர்கள் உருவாக்கும் அறிவுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

கோவளம் போய்த் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போன இருளர்கள், ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக் கடியில் சாகிறார்கள். பிழைப்பவர்களின் உடம்பில் ஏறும் மருந்து பெரும்பாலும் இந்த விஷத்திலிருந்து வந்ததுதான்.

‘அது பரம்பரைத் திறமை, அறிவியல் இல்லை’ என்பார்கள். மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து என்ன பாம்பு, எந்தப் பக்கம் போனது, எந்த வளையில் இருக்கும் என்று சொல்கிறார் ஓர் இருளர். பிறகு வளையைத் தோண்டிப் பார்க்கிறார். கணிப்பு தவறினால் கடி அவருக்குத்தான். கவனிப்பு, அனுமானம், சோதனை எல்லாம் இதில் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்? ஆங்கிலமா?

2016இல் ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு வேட்டைப் போட்டி நடந்தது. சுமார் 1,000 பேர் ஒரு மாதம் தேடிப் பிடித்தவை 106. அடுத்த ஆண்டு மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே அழைக்கப்பட்டார்கள். சில வாரங்களில் இருபதுக்கும் மேல் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. எந்தப் பிரிவில் தெரியுமா? சமூகப் பணி! நான் சமூகப் பணியாளர். மனு எழுதுவேன், அலுவலகங்களில் காத்திருப்பேன். அவர்கள் செய்வது என் வேலை இல்லை, விலங்கியலாளர் வேலை.

பாம்பு விஷம் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் பாருங்கள். ஆசிரியர் வரிசையில் எத்தனை இருளர் பெயர் கிடைக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

சாதிச் சான்றிதழுக்காக ஒரு தாயும் மகளும் போனபோது நானும் கூடப் போனேன். “உங்க வீட்ல யாராச்சும் பாம்பு புடிப்பாங்களா?” என்று அதிகாரி கேட்டார். அம்மா பெருமையாகத் தலையாட்டினார். பழங்குடி என்று நிரூபிக்க மட்டும் அந்த அறிவு செல்லுபடியாகும் போல. மகளுக்குக் கல்லூரியில் விலங்கியல் படிக்க ஆசை. சான்றிதழ் இன்னும் வரவில்லை.