முதல் கோப்பைப் பிள்ளை கையால் எழுதட்டும்

உயர்தர ஐ.சி.ரி. படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு கருத்து.

சின்னக் கருவிகளுக்கான இலவச இயங்குதளம் ரயட். 2013இல் வெளிவந்தது. அதற்கு 'ரயட்ஜென்' என்றொரு மென்பொருள் உண்டு. செயலியின் பெயர், போர்டின் பெயர் கேட்கும், மேக்ஃபைல், மெயின்.சி கோப்புகளை எழுதித் தந்துவிடும். நேரம் மிச்சம்தான்.

ஆனாலும் முதல் தடவை பிள்ளை அவற்றைக் கையால் எழுத வேண்டும் என்கிறோம். மேக்ஃபைலில் உள்ள 'போர்ட்' வரிதான் எந்தச் சிப்புக்கு ஆக்குவது என்று சொல்கிறது. அது விளங்காத பிள்ளை போர்ட் மாறினால் திகைத்து நிற்கும். போர்ட் வாங்க வசதியில்லையா? அந்த வரியில் 'நேட்டிவ்' என்று போட்டால் லினக்ஸ் கணினியிலேயே ஓடும்.

நாளை அறுகம்பே களப்பின் நீர்மட்டத்தை அளக்க எங்கள் பிள்ளை ஆசைப்படலாம். ரயட்ஜென் தருவது தொடக்கம் மட்டுமே. அளக்கும் வரிகளைப் பிள்ளைதான் எழுத வேண்டும்.