இறங்கும் நேரம்

தாமான் மிடாவைத் தாண்டிக் காஜாங் நோக்கிப் போகும் எம்ஆர்டியில் இடப்பக்கச் சன்னலோரமாக உட்கார்ந்து பாருங்கள். அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஒரு பச்சை மேடு கூடவே வரும். அதுதான் புக்கிட் அப்பேக். அதன் முதுகோடு நடந்தால் அம்பாங் பக்கம் சரியும் புக்கிட் சாகா வந்துவிடும். கிழக்கே உலு லங்காட் காடுகள், அவற்றுக்கும் அப்பால் தித்திவங்சா மலைத்தொடர். கோலாலம்பூரை யாரும் மலை நகரம் என்று சொல்வதில்லை. ஆனால் செராஸில் இருப்பவர் விடிகாலையில் கிளம்பினால், நகரம் பசியாற உட்காரும் நேரத்தில் காட்டுக்குள் இருக்கலாம்.

இருந்தும் விடுமுறை என்றால் நம் குடும்பங்கள் கேமரன் மலைக்கும் கெந்திங்குக்கும்தான் காடியைக் கிளப்புகின்றன. பாதி நாள் நெரிசலில் போய்விடுகிறது. பக்கத்தில் இருக்கும் மலைகளைப் பற்றிச் சொன்னால், உடனே வரும் கேள்வி: “எதுல வியூ நல்லா இருக்கும்?” நியாயமான கேள்விதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எத்தனை மணிக்குள் கீழே வந்து சேருவோம்?

காரணம் நம் ஊர் மழை. காலை வெயிலில் சரிவுகள் சூடேறி, ஈரக்காற்று மேலே எழுந்து, மதியத்துக்கு மேல் மலை முகட்டில் கருமேகம் கூடிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது கிட்டத்தட்ட அன்றாட நடப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொஞ்சம் ஓயும், ஆனால் சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்து காட்சியை மறைத்துவிடும். நமக்குப் பொழுது விடிய ஏழு மணி ஆகிறது. மேகம் கூடுவதற்குள் இறங்க வேண்டுமென்றால் நண்பகலைக் கெடுவாக வைத்துக்கொள்வது நல்லது. ஆக, கையில் இருப்பது ஐந்து மணி நேரம். உங்கள் கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் காலுக்கு அந்த ஐந்து மணி நேரத்தில் எந்த மலை அடங்குகிறதோ, அந்த மலைதான் அன்றைக்கு உங்களுடையது. இடி கேட்டபின் முகட்டில் நிற்பவருக்கு எந்தக் காட்சியும் கண்ணில் படாது.

அந்தக் கணக்கில் முதலில் நிற்பது வாசலில் இருக்கும் அப்பேக் மலை. தொடக்கமே செங்குத்துதான், பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். ஆனால் பாதையைப் பாருங்கள். வேர்கள் படியாகாத இடத்தில் மரக்கட்டையை மண்ணில் பதித்துப் படி கட்டியிருக்கிறார்கள். வழுக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கயிறு. மூச்சு வாங்கும் இடத்தில் உட்காரப் பலகை. இதில் பெரும்பகுதி இங்கே ஆண்டுக்கணக்காக ஏறிவரும் முதியவர்களின் கைவேலை, அவர்களில் சீனப் பெரியவர்களே அதிகம். மண்வெட்டியோடு குனிந்து, மழைத் தண்ணீர் பாதையை அரிக்காமல் ஓர் ஓரமாகத் திருப்பிவிடும் பெரியவரை அங்கே பார்க்கலாம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். “பாகி, அங்கிள்” என்றால் நிமிர்ந்து சிரிப்பார், மறுபடி குனிந்துவிடுவார். வியூ என்று கேட்டவர்களுக்கு அதுவும் உண்டு. மரங்கள் விலகும் இடத்தில் நகரம் முழுதும் விரியும். இரட்டைக் கோபுரம் 452 மீட்டர், மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர். இவ்வளவு ஏறி நின்ற பிறகும் அந்தக் கோபுர முனைகள் நம்மைவிட உயரத்தில் இருப்பதைப் பார்க்க வியப்பாக இருக்கும். கால் தெம்பு இருப்பவர்கள் முகட்டு வழியே சாகா பக்கம் போய் அங்குள்ள சிற்றருவியில் கால் நனைக்கலாம். திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் போதும்.

பிள்ளைகளும் மூட்டுவலிக்காரர்களும் கூட வந்தால் நான் சொல்வது பெட்டாலிங் ஜெயா எல்லையில் இருக்கும் புக்கிட் காசிங். தாழ்ந்த குன்றுதான். பக்கத்திலேயே சிவன் கோயில் இருக்கிறது, இறங்கியதும் கும்பிட்டுவிட்டு வரலாம். அந்தக் காட்டில் என்னை நிறுத்திவைப்பது வேறொன்று. நடுநடுவே பால்மரங்கள் நிற்கின்றன. வெட்டு நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பட்டையில் சாய்வாகப் போன பழைய வெட்டுத் தழும்பு தடித்து மூடியிருக்கிறது. விரலால் தடவினால் அதன் போக்கு தெரியும். இலை உதிரும் காலத்துக்குப் பிறகு காய் வெடித்து, புள்ளிபோட்ட பழுப்புக் கொட்டைகள் பாதையெல்லாம் கிடக்கும். அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? கோண்டோவில் வளரும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டைச் சொல்லித்தர ஏற்ற இடம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “காட்டுல ஏறி என்னத்தக் காணப் போற? நாங்க அங்கிருந்து இறங்கத்தானே இவ்ளோ பாடுபட்டோம்” என்று என் பெரியம்மா கேட்பார். அவர் இருட்டு விலகும் முன்னே வாளியோடு மேட்டு நிரைக்கு ஏறியவர். மழை வந்தால் பால் கெட்டுப்போகும், கெட்டால் கூலி போகும். மலைச்சரிவு அவருக்கு வேலைக்களம். அட்டையும் கொசுவும் பாம்பும் அவருக்குப் பார்க்க வேண்டிய காட்சி அல்ல. அவர் கேள்வியை நான் தள்ளிவிடுவதில்லை. நம்மில் பலர் காட்டுப் பக்கம் போகாததற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது அநியாயம், அந்த நினைவு ரொம்பக் கனமானது. ஆனால் அவர் காலில் இருந்த கறுப்பு ரப்பர் சப்பாத்தைத்தான் இன்று இந்நாட்டு மலையேறிகள் பலரும் தேடி வாங்குகிறார்கள். ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லப் பெயர். அடியில் முள்முள்ளாகப் பிடிப்பு, ஈர வேரிலும் சேற்றிலும் வழுக்காது, தண்ணீர் குடித்துக் கனக்காது, விலையும் மலிவு. பல நூறு ரிங்கிட் கொடுத்து வெளிநாட்டுச் சப்பாத்து வாங்கும் முன் அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். காலுறை மட்டும் தடிமனாக இருக்கட்டும்.

மறுபடி மலைகளுக்கு வருவோம். செமினி பக்கம் இருக்கும் புரோகா 400 மீட்டர்தான். செம்பனைத் தோட்டம் வழியாகப் போய், லாலாங் புல் மண்டிய மொட்டை உச்சியில் ஏறினால் நாலு பக்கமும் திறந்த வெளி. சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் அலைமோதும் இடம். நிழலே கிடையாது, ஆகவே ஒன்பது மணிக்குமேல் அங்கே வேலை இல்லை. வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரி மாணவி, ஒரு நாள் கைப்பேசியை நீட்டினாள். வெள்ளைப் பாறை விளிம்பில் ஒருத்தி கைவிரித்து நிற்கிறாள், கீழே நீலமாக ஓர் ஏரி.

“அக்கா, இது இங்கதானாம். நாங்க நாலு பேரு போலாம்னு இருக்கோம்.”

“தாபூர்மா அது. யாரு கூட்டிட்டுப் போறா?”

“யாரும் இல்லக்கா. மேப்ல வழி இருக்கே.”

மெலாவாத்தியில் இருக்கும் புக்கிட் தாபூர் உலகின் மிக நீளமான குவார்ட்ஸ் முகடுகளில் ஒன்றின் பகுதி. முகடு 14 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அவள் ஏரி என்று நினைத்தது 1958இல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணையின் நீர்த்தேக்கம். அழகில் இந்த வட்டாரத்தில் அதற்கு இணை இல்லை, மறுக்க மாட்டேன். ஆனால் பாறை கத்திமுனையாக நிற்கிறது. பல இடங்களில் கையால் பிடித்து இறங்க வேண்டும், பிடி தவறினால் கீழே தடுக்க ஒன்றும் இல்லை. அங்கே விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அதிகாரிகள் வழியை மூடியதும் கட்டுப்பாடு விதித்ததும். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். படம் எடுத்தவள் எப்படி இறங்கினாள் என்பது படத்தில் இல்லை. இதையெல்லாம் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு முகம் வாடித்தான் போயிற்று. அடுத்த வாரம் நால்வரும் என்னோடு அப்பேக்குக்கு வந்தார்கள்.

அப்பேக்கில் கால் பழகியவர்கள் அடுத்துக் கேட்பது நுவாங். 1493 மீட்டர், செராஸ் பத்து 9இல் திரும்பி உலு லங்காட் தாண்டிப் பங்சுனில் தொடங்க வேண்டும். ஒரே நாளில் போய்வரலாம் என்பது உண்மை. அந்த ஒரு நாள் எத்தகையது என்று தெரிந்து போக வேண்டும். முதலில் பழைய வெட்டுமரச் சாலை, முடிவே இல்லாததுபோல் மேடேறிக்கொண்டே இருக்கும். பிறகு ஆற்றோரம் கெம் லோலோ. அங்கிருந்து வேர்ப்பிடியில் ஏறினால் கெம் பாச்சாட், பெயரிலேயே அட்டை இருக்கிறது. அதற்குமேல் புஞ்சாக் பெங்காசே. உச்சியைத் தொட்டுவிட்டோம் என்று அங்கே உட்கார்ந்தால், எதிரே இன்னொரு மலை நிற்கும். இறங்கி மறுபடி ஏறினால்தான் நுவாங். பழகிய காலுக்கே போகவரப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். என் நண்பகல் கெடு இங்கே செல்லாது. இருட்டிலேயே புறப்பட்டு, தலைவிளக்கும் மழையாடையும் எடுத்துக்கொண்டு, இந்த மணிக்குள் இந்த இடம் வராவிட்டால் திரும்புவோம் என்று கீழேயே பேசி முடித்துவிட வேண்டும். மேலே போய்ப் பேசினால் ஆசைதான் ஜெயிக்கும். அனுமதிக்கும் வழிகாட்டிக்கும் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். அந்த வழிகாட்டிகள் மழையை மேகத்திலிருந்தும் ஆற்றின் நிறத்திலிருந்தும் படித்துவிடுவார்கள்.

ஆற்றின் நிறம் என்றேன். உலு லங்காட் ஆறுகளில் குளிப்பவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ‘கெப்பாலா ஆயர்’ என்னும் திடீர் வெள்ளம். நம் தலைக்குமேல் வெயில் அடிக்கும், மேலே எங்கோ மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், மேலிருந்து ஓர் இரைச்சல் கேட்கும். அப்போது செருப்பை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நாள்கணக்கில் விடாமல் மழை பெய்த வாரத்தில் மலைப் பக்கமே போகாதீர்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்திருந்த குடும்பங்கள். அவர்களை நினைக்காமல் நான் யாருக்கும் மலைக்கு வழி சொல்வதில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு போய்விட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்குவது இப்போது முன்போலக் கடினமில்லை. காசிங் மலை போதும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுக் காலுறை. பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் நடக்க முடிந்தவராக இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். வெட்டுத் தழும்பு இருக்கும் மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து அவர் பேசட்டும். பதினொரு மணிக்கு எல்லாரும் கீழே இருக்க வேண்டும்.