புல்வெளி பாழ்நிலமன்று

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில், பள்ளத்தாக்கின் மடிப்புகளில் சோலைக்காடுகள் அடர்ந்திருக்க, ஏனைய சரிவுகள் யாவும் புல் போர்த்து நிற்பதைக் காணலாம். நீலகிரியிலும் கேரளத்து இரவிகுளத்திலும் இக்காட்சி ஒன்றே. இப்புல்வெளி இயற்கையில் அமைந்ததா, அன்றி மனிதன் காட்டை அழித்ததனால் உண்டானதா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பெற்று வந்த கேள்வி. இது ஏட்டளவில் நின்ற விவாதமன்று. புல்வெளியைப் பயனற்ற தரிசெனக் கருதியமையாலேயே பல்லாயிரம் ஏக்கரில் சீகையும் கற்பூர மரமும் நடப்பெற்றன.

இக்கேள்விக்குரிய விடை மலைச்சதுப்புகளின் அடியில் உள்ளது. மகரந்தத் தூள் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத அளவினது. எனினும் அதன் வெளியுறை எளிதில் மட்குவதில்லை. காற்றுப் புகாத சேற்றில் அது பல்லாயிரம் ஆண்டுகள் உருக்குலையாது கிடக்கும். தாவரக் குடும்பங்களின் மகரந்தம் பெரும்பாலும் தனித்தனி உருவம் உடையதாதலால், சேற்றை அடுக்கடுக்காக எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் அவ்வக்காலத்துத் தாவரங்களை அறிந்துகொள்ளலாம்.

அடுக்குகளின் காலத்தைக் கணிக்க எரிமலைச் சாம்பல் பெரிதும் உதவுகின்றது. ஒரே வெடிப்பில் எழுந்த சாம்பல் தொலைவிலுள்ள நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படிகின்றது. சுமாத்திராத் தீவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபொழுது எழுந்த சாம்பல், சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், ஆந்திரத்து ஜுவாலாபுரத்திலும், வங்காள விரிகுடாவின் அடித்தளத்திலும் கிடைத்துள்ளது. விரிகுடாப் படிவு ஒன்றில், அச்சாம்பலுக்கு மேலுள்ள அடுக்குகளின் மகரந்தம், மரங்கள் குறைந்து புல் பரவியதைக் காட்டுவதாக 2009-இல் ஆராய்ச்சியாளர் தெரிவித்தனர். இவ்வாராய்ச்சியில் எச்சரிக்கை வேண்டும். மகரந்தத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படும் ஹைட்ரோபுளோரிக் அமிலம், கண்ணாடித் தன்மையுள்ள சாம்பல் துகள்களைக் கரைத்துவிடும். ஆகவே சேற்று மாதிரியை முதலிலேயே இரு கூறாக்கி, இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

நீலகிரிச் சதுப்புகளில் ஆராயப்பெற்ற கரிய சேறு தோபா வெடிப்புக்கு மிகப் பிந்தியது. அங்கே கதிரியக்கக் கரியைக் கொண்டு காலம் கணிக்கப்படுகின்றது. புல்லினங்களின் மகரந்தமோ நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். எனவே வறட்சி தாங்கும் புல்லையும் ஈரம் விரும்பும் தாவரத்தையும் பிரித்தறிய, சேற்றிலுள்ள கரியணுக்களின் எடை வேறுபாடு அளக்கப்பெற்றது. ஆர். சுகுமாரும் உடன் பணியாற்றியோரும் 1993-இல் வெளியிட்ட முடிவு இதுவே: பனியுகத்தின் உச்சத்தில் இம்மலையில் வறட்சி மிகுந்து புல் ஓங்கியது, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மழை பெருகி, ஈரம் விரும்பும் தாவரங்கள் பரவின. உழவு தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே இங்குப் புல்வெளி இருந்தது என்பது இதனால் தெளிவாகின்றது.

தீயும் மேய்ச்சலும் புல்வெளியின் எல்லையை மாற்றியிருக்கக்கூடும் என்பாரின் கூற்றிலும் உண்மையுண்டு. ஆனால் எல்லை மாறியது வேறு. புல்வெளியே மனிதன் ஆக்கியது என்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவுதல் முறையாகாது.

இச்சான்றுகளைத் தந்த சதுப்புகளுக்கே இன்று பாதுகாப்புத் தேவைப்படுகின்றது. நீரை வடித்துக் காய்கறி பயிரிட்டாலும், நீரை உறிஞ்சும் மரங்களை நட்டாலும் சேறு உலர்ந்துவிடும். காற்றுப் பட்டவுடன் மகரந்தமும் சிதையத் தொடங்கும். திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் ஓலைச்சுவடிகளைப் பேணிக் காத்து வருகின்றது. படியெடுக்கப்படாத சுவடி அழிந்தால் அந்நூல் மீளாது என்பதை அறியாதார் இலர். சதுப்பும் அத்தகைய சுவடியே. அதற்குப் படி வேறெங்கும் இல்லை.

1978-இல் கேரள அரசால் நிறுவப்பெற்று 2014-இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்த புவி அறிவியல் ஆய்வு மையமும் அதே நகரின் ஆக்குளத்தில் உள்ளது. மகரந்த ஆராய்ச்சியில் அனுபவமுள்ள லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனமும், புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், இரு மாநில வனத்துறைகளும் அம்மையத்துடன் ஒன்றுசேர்ந்து மலைச்சதுப்புகள் அனைத்தையும் கணக்கெடுத்துப் பட்டியலிடுதல் வேண்டும். அப்பட்டியலைப் பாராமல் எம்மலையிலும் மரம் நடுதல் கூடாது. மரம் நடுதல் நற்பணியே. ஆயினும் நடுமுன் அந்நிலத்தின் வரலாற்றைக் கேட்டறிதல் கடமையாகும்.