கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் நீளச் சொற்கள்

மகரந்தச்சேர்க்கை. எழுத்தெண்ணிப் பார்த்தால் பத்து எழுத்து. அதற்கு முன்னால் "தன்" சேர்ந்தால் பன்னிரண்டு. "அயல்" சேர்ந்தால் பதின்மூன்று! தமிழ் வழியில் அறிவியல் படிக்கும் ஒரு மாணவன் இந்த மாதிரிச் சொற்களைத் தாண்டித்தான் பாடத்துக்குள் போக வேண்டும். ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்கு, மின்னாற்பகுப்பு, காற்றழுத்தமானி என்று வரிசையாக நிற்கின்றன. பாடம் புரிந்திருக்கும். விடைத்தாளில் சொல்லை எழுதும்போது நடுவில் ஒரு ஒற்று காணாமல் போயிருக்கும். அல்லது சொல்லே நினைவுக்கு வராமல் "அது... அந்த இலை உணவு செய்யுமே, அது" என்று பேனா நின்றுவிடும்.

இதற்கு மருந்தாகப் பல ஆசிரியர்கள் கையில் எடுப்பது சொல்தேடல் புதிர். சதுரக் கட்டங்களில் எழுத்துகளைக் கொட்டி, அவற்றுக்குள் பாடச் சொற்களை ஒளித்து வைத்து "கண்டுபிடித்து வட்டமிடு" என்பார்கள். வகுப்பு உடனே அமைதியாகிவிடும். கடைசி பெஞ்சு கூடக் குனிந்து தேடும். அந்த அமைதியைப் பார்த்துப் "பிள்ளைகள் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள்" என்று நம்பிவிடுவது சுலபம். உண்மையில் கற்றுக்கொண்டார்களா?

புதிர் பிறந்த கதை

இந்தப் புதிருக்கு வயது அதிகமில்லை. குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பரில் ஆர்தர் வின் என்பவரால் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வெளிவந்தது. சொல்தேடல் அதற்கும் பிந்தியது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற ஊரில் வெளியான 'செலன்பி டைஜஸ்ட்' என்ற சிறு இதழில், 1968 மார்ச் 1 அன்று நார்மன் கிபாட் என்பவர் இதை வெளியிட்டார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்புக்கு வேண்டும் என்று பிரதிகள் கேட்டு வாங்கினார்கள். ஸ்பானிய மொழியில் இந்தப் புதிருக்கு 'எழுத்து சூப்' என்று பெயர். பொருத்தமான பெயர்தான். கரண்டியை விட்டுத் துழாவினால் ஏதாவது ஒரு சொல் மாட்டும்.

ஆக, இது வகுப்பறைக்காகவே திட்டமிட்டுச் செய்யப்பட்ட கருவி அல்ல. பொழுதுபோக்காக வந்து, பிறகு வகுப்புக்குள் நுழைந்தது. அதனால்தான் இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்த்துப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

நீளச் சொல்தான் முதலில் மாட்டும்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்து கட்டம். மொத்தம் 100 எழுத்து. இதில் "மகரந்தச்சேர்க்கை" என்ற சொல்லை இடமிருந்து வலமாக ஒளிக்க வேண்டும். பத்து எழுத்துச் சொல் என்பதால் அது ஒரு முழு வரிசையையே அடைத்துக்கொள்ளும். முதல் கட்டத்தில்தான் தொடங்க முடியும். மாணவன் என்ன செய்வான்? பக்கத்தில் இருக்கும் சொற்பட்டியலைப் பார்ப்பான். "ம" என்று தொடங்கும் வரிசையைத் தேடுவான். அடுத்து "க" இருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் ஒரே கோடு, முடிந்தது வேலை! மீதி எட்டு எழுத்தை அவன் படிக்கவே இல்லை.

"பச்சையம்" போன்ற குட்டிச் சொல் எங்கு வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும். நீளச் சொல்லுக்கு ஒளிய இடமே கிடையாது. எந்தச் சொற்களுக்காக இந்தப் புதிரைக் கொடுக்கிறோமோ, அந்தச் சொற்களுக்குத்தான் மாணவன் குறைவாக உழைக்கிறான். இதுதான் வேடிக்கை.

பொருள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். "நீராவிப்போக்கு" என்றால் என்ன என்று துளியும் தெரியாத பிள்ளை கூட அதைக் கண்டுபிடித்து வட்டமிட முடியும். கண் வடிவத்தைத்தான் ஒப்பிடுகிறது. கிரேக், டல்விங் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1975-ல் வெளியிட்ட சோதனைகள் இங்கே நினைவுக்கு வர வேண்டியவை. சில சொற்களைக் காட்டி, அவை பெரிய எழுத்தில் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். வேறு சில சொற்களுக்கு ஓசை பற்றிக் கேட்டார்கள். இன்னும் சிலவற்றுக்குப் பொருள் பற்றிக் கேட்டார்கள். பிறகு சோதித்தபோது, பொருளை யோசித்துப் பார்த்த சொற்களே நன்றாக நினைவில் இருந்தன. எழுத்தின் தோற்றத்தை மட்டும் பார்த்த சொற்கள் கடைசியில் நின்றன. பட்டியலை வைத்துக்கொண்டு தேடும் புதிர் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். தமிழில் இந்தப் புதிருக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உட்கார வேண்டும். புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. வேகமாக எழுதும்போது "ஒளிசேர்கை" என்று எழுதிவிடும் பிள்ளை, கட்டத்தில் ஒ, ளி, ச், சே, ர், க், கை என்று ஏழு வீடு இருப்பதைப் பார்க்கிறான். விட்டுப்போன "ச்", விட்டுப்போன "க்" இரண்டும் தனி வீட்டில் கண்ணெதிரே நிற்கின்றன. ஒற்றுப்பிழைக்கு இதைவிட எளிமையான பாடம் வேறு இருக்க முடியுமா?

இலக்கணமும் இதற்குள் வந்துவிடும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. க், ச், த், ப் என்ற நான்கு மெய்களுக்கு அடுத்து அதே இன எழுத்துதான் வரும். மனப்பாடம் செய்யும்போது கசக்கும் இந்த விதிகள், கட்டத்துக்குள் துப்பறியும் தடயங்களாக மாறிவிடுகின்றன. "ச்" கண்ணில் பட்டதா? பக்கத்தில் ச, சா, சே என்று ஏதாவது இருந்தால் அங்கே ஒரு சொல் ஒளிந்திருக்கலாம். இல்லையென்றால் அந்தத் திசையில் தேடுவது வீண். மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று நன்னூல் வகுத்துக் கொடுத்ததைப் பிள்ளை விளையாட்டாகவே பழகிக்கொள்கிறான்.

ஆனால் இந்த நன்மை கிடைக்க வேண்டுமென்றால், ஆங்கிலப் புதிரை அப்படியே காப்பியடிக்கக் கூடாது. ஆங்கிலத்தில் சொல்லைப் பின்பக்கமாகத் திருப்பியும் ஒளிப்பார்கள். ஒளிச்சேர்க்கையைத் திருப்பினால் என்ன ஆகும்? "கைக்ர்சேச்ளிஒ"! வாயில் நுழையாது என்பது மட்டுமில்லை, உயிரெழுத்து கடைசியில் வந்து நிற்கிறது. ஒற்றைச் சரியாக எழுதப் பழக வேண்டிய கண்ணுக்கு இதையா காட்டுவது? இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், இந்த இரண்டு திசை போதும்.

கணினியில் புதிர் தயாரிப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. யூனிகோடில் "க்" என்பது "க" ஒரு குறி, புள்ளி ஒரு குறி என இரண்டாகத்தான் பதிவாகிறது. தமிழ் எழுத்தைப் பிரிக்கத் தெரியாத மென்பொருளிடம் கொடுத்தால் புள்ளியைத் தனியாக ஒரு கட்டத்தில் தள்ளிவிடும். அந்தத் தாளை அப்படியே அச்செடுத்து வகுப்பில் கொடுத்தால், இருப்பதையும் கெடுத்த கதையாகிவிடும்.

எப்படிக் கொடுத்தால் பலன்?

முதல் மாற்றம், சொற்பட்டியலை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் குறிப்பு கொடுக்க வேண்டும். "தாவரம் இலைத்துளை வழியே நீரை ஆவியாக வெளியேற்றுவது, ஏழு எழுத்து" என்று கொடுத்தால், பிள்ளை முதலில் சொல்லை மனதுக்குள் கொண்டுவர வேண்டும். பிறகுதான் தேட முடியும். பொருள் முன்னால் வருகிறது, வடிவம் பின்னால் வருகிறது.

இரண்டாவது, குடும்பமாக ஒளிக்க வேண்டும். மழைமானி, வெப்பநிலைமானி, காற்றழுத்தமானி மூன்றையும் ஒரே கட்டத்தில் வைத்தால், மூன்றின் வாலிலும் "மானி" இருப்பது தெரியும். மானி என்றால் அளக்கும் கருவி என்று ஒரு முறை சொன்னால் போதும், நாளைக்குப் புதிதாக இன்னொரு மானி வந்தாலும் பிள்ளை மிரள மாட்டான். தொலைநோக்கியையும் நுண்ணோக்கியையும் பக்கத்தில் வைத்தால் "நுண் + நோக்கி" எப்படி நுண்ணோக்கி ஆனது என்ற கேள்வியை அவனே கேட்பான். தமிழில் நீளச் சொல் என்பது பெரும்பாலும் சின்னச் சொற்கள் கை கோத்து நிற்பதுதான். அந்தக் கைகளைப் பிரித்துக் காட்டினால் நீளம் பயமுறுத்தாது.

மூன்றாவது, தேடி முடித்ததும் தாளை மூடச் சொல்லி, கண்டுபிடித்த சொற்களைப் பார்க்காமல் எழுதச் சொல்ல வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006-ல் இதைத்தான் காட்டினார்கள். திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் மணியடித்ததும் தாளை வாங்கி வைத்துவிட்டால், புதிரின் பாதிப் பலன் அங்கேயே போய்விடும்.

நான்காவது, எல்லாவற்றிலும் சிறந்தது, புதிரைப் பிள்ளைகளையே செய்யச் சொல்வது. இதற்குப் பிரிண்டரும் வேண்டாம், கணினியும் வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். சொல்லைக் கட்டத்தில் ஒளிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தாக எண்ணி எழுதியே ஆக வேண்டும். ஒரு ஒற்று விட்டாலும் பக்கத்து பெஞ்சுக்காரன் கண்டுபிடித்துக் கேலி செய்துவிடுவான். குறிப்பு எழுத வேண்டுமென்றால் பொருள் தெரிந்தே ஆக வேண்டும். தேடும்போது ஏமாற்றலாம், செய்யும்போது ஏமாற்ற முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "யார் முதலில் முடிப்பது?" என்று போட்டி வைப்பது பல வகுப்புகளில் வழக்கம். வாசிப்பில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இந்தக் கட்டம் ஒரு தண்டனை. 100 எழுத்துக் காட்டுக்குள் அவனை விட்டுவிட்டு, மற்றவர்கள் கைதட்டும் சத்தத்தையும் கேட்க வைப்பது நியாயமில்லை. அவனுக்குச் சின்னக் கட்டம், பெரிய எழுத்து, கூட ஒரு நண்பன் என்று கொடுத்தால் அவனும் விளையாடுவான்.

"உருப்போட்டால் போதாதா, இத்தனை வேலை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உருப்போட்ட சொல் தேர்வு வரை வரும். ஆனால் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு, பாடப்புத்தகத்து நீளச் சொல்லைப் பிரித்துச் சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. வகுப்பறையில் கிடைப்பது மட்டும்தான் அவனுக்கு. அங்கேயும் அர்த்தம் தெரியாத எழுத்துக் கூட்டமாகவே அது நின்றுவிட்டால், "அறிவியல் எனக்கு வராது" என்று அவன் முடிவு கட்டிவிடுவான். வராதது அறிவியல் அல்ல, அதன் வாசலில் நிற்கும் சொல். அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டவும் பொருளோடு சேர்த்து வைக்கவும் உதவினால் சொல்தேடல் புதிர் நல்ல கருவி. வகுப்பை அரை மணி நேரம் சத்தம் போடாமல் வைத்திருக்க மட்டும் என்றால், அதற்கு இத்தனை கட்டம் போட்டுக் கஷ்டப்பட வேண்டியதில்லை.