பெரிய எண்ணைப் பார்த்து மிரளலாமா?



ஆறு இலக்க எண்ணைக் கண்டதுமே, "எனக்குக் கணக்கு வராது" என்று நோட்டை மூடிவிடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பல பெரிய எண்கள் சின்னச் சின்ன எண்களைப் பெருக்கினால் கிடைப்பவைதான். பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

எங்கள் சென்னீர்குப்பத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பூந்தமல்லியின் பின்கோடான 600056 என்ற எண்ணை எழுதுவார்கள். அதையே பிரித்துப் பார்ப்போமா? கடைசி மூன்று இலக்கம் 056. அது 8-ஆல் வகுபடும். ஆகவே முழு எண்ணும் 8-ஆல் வகுபடும். ஈவு 75007. இதை 3, 5, 7, 11 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போங்கள். 107-க்கு வரும்போது மீதியில்லாமல் வகுபடும். ஈவு 701. இதுவும் பகா எண்தான். 107-ஐத் திருப்பி எழுதினால் 701! தினமும் பார்க்கிற பின்கோடுக்குள் இப்படி ஒரு அழகு ஒளிந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இந்த எண்ணுக்கு எத்தனை காரணிகள்? 8-க்கு 1, 2, 4, 8 என நான்கு. 107-க்கு இரண்டு, 701-க்கு இரண்டு. 4 × 2 × 2 = 16.

இப்போது 7,20,720-ஐப் பாருங்கள். இதுவும் ஆறு இலக்கம்தான். ஆனால் 1 முதல் 16 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும். காரணிகள் 240! இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த நம் சீனிவாச ராமானுஜன். 1915-ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இவற்றைப் பற்றிய நீண்ட கட்டுரை வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத அந்தக் காலத்தில் 67,46,32,83,88,800 வரை பட்டியல் போட்டார். அந்த எண்ணுக்குக் காரணிகள் 10,080!

அந்தப் பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப்போனது. அது 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண்ணே விடையாக வரும்! கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, கண்ணில் படாமல் போய்விட்டது. அதனால் ராமானுஜனின் பெருமை குறைந்ததா? இல்லையே!

ஆகவே செல்லங்களே, ஒரு கணக்கு தப்பாகிவிட்டால் உங்களுக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டாதீர்கள். எங்கே தவறியது என்று தேடுங்கள். கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் பென்சிலைத் தொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பின்கோடைப் பகா எண்களாகப் பிரித்துப் பாருங்கள். அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது!