பிழையே சாட்சி

சிறுநீரகப் புற்றுநோய் இனி எவ்வழிச் செல்லும் என்று கணிக்க உதவும் உயிர்க்குறிகளைப் பற்றி மருத்துவ உலகம் நிறையப் பேசுகிறது. நெய்வேலியில் வாழும் நமக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்றுண்டு: அந்நோய் எவ்வழி வந்தது? ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டால் எல்லாம் நிலக்கரித் தண்ணீரால்தான் என்கிறோம். அல்லது வீண்பயம் என்று ஒதுக்குகிறோம். இரண்டுமே விசாரணையற்ற தீர்ப்புகள்.

இதே ஐயம் டான்யூப் நதிப் பகுதியிலும் எழுந்தது. செர்பியா, பல்கேரியா, ருமேனியா முதலிய நாடுகளின் சிற்றூர்களில் சிறுநீரகம் மெல்லச் சுருங்கும் நோயொன்று 1950களில் மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் தொடர்ந்தது. அருகே பழுப்பு நிலக்கரிப் படுகைகள் இருந்தமையால், கிணற்று நீரில் கரையும் நிலக்கரிச் சேர்மங்களே காரணமெனப் புவியியலாளர் சிலர் 1990களில் கருதினர். 2007இல் வெளியான ஆய்வோ வேறொன்றைக் காட்டியது. கோதுமை வயலில் களையாக முளைக்கும் அரிஸ்டோலோக்கியா என்னும் செடியின் அமிலம், நோயாளிகளின் சிறுநீரகத்தில் மரபணுவோடு ஒட்டிக் கிடந்தது. களையின் விதை கோதுமையோடு கலந்து ரொட்டியில் சேர்ந்திருக்க வேண்டும்.

அடினின் இருக்க வேண்டிய இடத்தில் தைமினை எழுதச் செய்வது அவ்வமிலத்தின் வழக்கம். ஏடு பெயர்த்தெழுதியவரை அவருடைய பிழைகளைக் கொண்டே பதிப்பாசிரியர் இனங்காண்பது போன்றது இது. 11 நாடுகளின் 962 சிறுநீரகப் புற்றுகளைப் படித்து 2024இல் வெளியான ஆய்வில், ருமேனியா, செர்பியா, தாய்லாந்து நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் இப்பிழை காணப்பட்டது. ஜப்பானில் 70 விழுக்காட்டினருக்கு மேல் வேறொரு பிழை. எழுதிய கை எதுவென்று அவ்வாய்வால் சொல்ல இயலவில்லை.

அச்செடியின் இனம் நமக்கு அயல் அன்று. குடற்புழுவுக்குக் கொடுக்கப்படும் ஆடுதின்னாப்பாளையும், பாம்புக்கடிக்குப் பேர்போன ஈசுவரமூலியும் அதே இனத்தவை. அதே அமிலத்தைக் கொண்டவை. புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வமிலத்தை வைத்திருக்கிறது. மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இதைக் காட்டி நெய்வேலியின் சாம்பலுக்கும் நீருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதுவோர் இருப்பின் அதையும் மறுக்கிறோம். டான்யூப் கரையின் சாட்சி நம் ஊர் வழக்குக்குப் போதாது. இங்குள்ளோரிடமிருந்து அகற்றப்படும் கட்டிகளின் மரபணுவைப் படிக்க வேண்டும். நோயாளி குடித்த நீர், செய்த வேலை, உண்ட மருந்து ஆகியவற்றையும் உடன் எழுதிவைக்க வேண்டும். சுரங்கத்தின் மேலோ மூலிகையின் மேலோ பழி சுமத்துவது அதற்குப் பின் நிகழட்டும்.