காமிராவுக்கு வெளியே நிற்கிற சனம்

உலகப் பாரம்பரியச் சின்னங்களைப் பார்க்கப் போவது நடுத்தர வர்க்கத்தின் புதுத் தீர்த்த யாத்திரை. அந்தக் காலத்தில் போன இடத்தில் முழுக்குப் போட்டார்கள். இப்போது படம் பிடிக்கிறார்கள். நான் பேங்க் கிளார்க். எங்கள் வட்டாரத்தில் எல்.எஃப்.சி. போட்டு ஹம்பி, அஜந்தா, கோனார்க் என்று கிளம்புகிறவர்கள் திரும்பி வந்ததும் செல்போனை நீட்டுவார்கள். எல்லாப் படமும் ஒரே மாதிரி. கல், வானம், சாயங்கால வெளிச்சம். "குறுக்க ஒரு ஆள் வராத நேரமாப் பாத்து எடுத்தேன்" என்று ஒரு பெருமை வேறு.

குறுக்கே வருகிற அந்த ஆள் யார்? அவரை ஒதுக்கினால்தான் அழகு வரும் என்று நம் கண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? கேட்டாக வேண்டும் தோழர்களே.

பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2012-ல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய யுனெஸ்கோ குழு, மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் நம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் ஒன்று. சேர்த்தது 'இயற்கைப் பாரம்பரியம்' என்ற தலைப்பில். உயிர்களின் பரிணாமம், உயிரினப் பன்மை இந்த இரண்டும்தான் அளவுகோல். சிங்கவால் குரங்குக்கும் வரையாட்டுக்கும் அதில் இடம் உண்டு. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அந்தக் காப்பகத்துக்கு நடுவில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைக் காடு இருக்கிறதே, அங்கே நாலு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய சனம் எந்த அளவுகோலில் வரும்?

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,300 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 வருசக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு எழுதிக் கொடுத்தது. காடு ஜமீனுடையது, லாபம் கம்பெனியுடையது. மழையும் அட்டைக்கடியும் கூலிக்கு வந்தவர்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கீழே ஆண்டைகளின் வயலில் குனிந்த முதுகு மேலே போய் கூடை சுமந்தது. சுற்றுலா வருகிறவர்கள் 'பச்சைக் கம்பளம்' என்று வாய் பிளக்கிறார்களே, அது இயற்கை விரித்த கம்பளம் இல்லை சாமி. நம்ம ஆத்தாக்களும் அப்பன்களும் ஒவ்வொரு செடியாக நட்டுக் கவாத்து பண்ணி விரித்தது.

அந்தச் சனம் ஒரு தடவை மலையிறங்கிக் கூலி கேட்டது. 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைத்த தொழிலாளர்களை விடுதலை செய்யச் சொல்லியும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகப் போனார்கள். போலீஸ் தடியால் பதில் சொன்னது. ஆற்றுக்குள் விரட்டி விரட்டி அடித்தார்கள். 17 பேர் செத்தார்கள். பெண்களும் உண்டு, ஒரு குழந்தையும் உண்டு. தாமிரபரணியைப் பற்றிப் பாட்டெழுதாத கவிஞன் நம்ம பக்கத்தில் கிடையாது. எத்தனை பாட்டில் அந்த 17 பேர் வருகிறார்கள், எண்ணிப் பாருங்கள்.

பிறகு நடந்ததும் ஊரறிந்ததுதான். 2018-ல் அந்த நிலம் காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிய வேண்டியது 2028-ல். கம்பெனி 2024-லேயே கடையைக் கட்டி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் தாளை நீட்டியது. வி.ஆர்.எஸ். எங்கள் வங்கிகளிலும் வந்த சங்கதிதான். வாங்கிப் போன பேங்க்காரன் சாயங்காலம் தன் வீட்டுக்குப் போனான். எஸ்டேட்காரன் எங்கே போவான்? லயன் வீடு கம்பெனியுடையது. வேலை போன அன்றைக்கே வீடும் போச்சு, ஊரும் போச்சு. இதற்குப் பேர் 'விருப்பம்'! அரசின் டான்டீ நிறுவனமே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை.

"காடு வேண்டாமா? ஆறு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேணும் அண்ணாச்சி. தேரிக்காட்டுப் பக்கம் குடியிருக்கிற எங்களுக்குத் தண்ணீரின் அருமையை நீங்கள் சொல்லித் தர வேண்டாம். ஆனால் கணக்கைச் சரியாகப் பாருங்கள். 1988-ல் புலிகள் காப்பகம் வந்தபோதும் கம்பெனி அங்கேதான் இருந்தது. 2012-ல் பாரம்பரியப் பட்டம் வந்தபோதும் இருந்தது. காட்டை அழித்து லாபம் பார்த்தவனுக்கு அத்தனை வருசம் கிடைத்தது. அழிக்கக் கூலி வாங்கியவனுக்கு மட்டும் காட்டின் பேரால் வெளியேற்றமா?

இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை. தான்சானியாவில் மாசாய் மக்களை 1959-ல் செரங்கெட்டியிலிருந்து கிளப்பி ங்கோரோங்கோரோவில் விட்டார்கள். 1979-ல் ங்கோரோங்கோரோவும் உலகப் பாரம்பரியமானது. 2022-லிருந்து அங்கிருந்தும் கிளப்புகிறார்கள். சிங்கத்தைப் படம் பிடிக்க வெள்ளைக்காரன் வரிசையில் நிற்கிறான்.

சரி, காட்டை விடுங்கள். மனுசன் கட்டிய 'பண்பாட்டுப் பாரம்பரியத்தில்' நமக்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது. 1987-ல் பட்டியலில் ஏறிய தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். எல்லாரும் விமானத்தை அண்ணாந்து படம் எடுப்பார்கள். நீங்கள் கீழே கல்லைப் பாருங்கள். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் இறை இல்லாத நிலங்களைச் சொல்லும் வரிசையில், குளம், வாய்க்கால், சுடுகாட்டோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருசத்துத் தீண்டாமைக்குக் கல்லிலேயே சாட்சி. 2010-ல் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு ஆயிரம் பேரை ஆடவிட்ட அரசு, அந்த வரிக்கு நேராக ஒரு விளக்குப் போட்டதா?

ஆக, பாரம்பரியம் என்பது தானாக வந்து சேர்ந்த சொத்து இல்லை. எதை வைப்பது, யாரைத் தள்ளுவது என்று அதிகாரம் போடுகிற பட்டியல். பயணியின் காமிரா அதே வேலையைச் சின்னதாகச் செய்கிறது. லயன் வீட்டைத் தள்ளிவிட்டுத் தேயிலையை எடுக்கிறது. சேரியைத் தள்ளிவிட்டுக் கோபுரத்தை எடுக்கிறது.

மாணவத் தோழர்களே, காமிராவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதைத் திருப்புங்கள். மலையிறங்கிய குடும்பங்களைத் தேடிப் போங்கள். அவர்கள் பெட்டியில் கல்யாணப் படம் இருக்கும், சம்பளச் சீட்டு இருக்கும், எஸ்டேட் பள்ளிக்கூடத்து மார்க்சீட்டு இருக்கும். அனுமதி கேட்டுப் பிரதி எடுங்கள். பாட்டிமார்களை உட்கார வைத்து, எந்தச் செடியை யார் நட்டது என்று பேர் பேராகப் பதிவு செய்யுங்கள். ஜூலை 23 அன்றைக்குக் கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் அதையெல்லாம் காட்சிக்கு வையுங்கள். மாஞ்சோலைக்கு டூர் போகிறவன் முதலில் அங்கே நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.